லெமனின் வாயில் மீன் வாசம்

முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். பஸ்ஸில் அறுபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றாலும் டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என்னைப் பார்த்ததும் ரொம்ப அக்கறையாக வயலைப் பார்க்கத் திரும்புகிறவன், சட்டென்று தூங்கிப்போகிறவன், "பின்னால எடுப்பாங்க" என்று கையைக் காட்டுகிறவன். ரிட்டயர் ஆனதும் பை போய்விட்டது, விசில் போய்விட்டது, இந்தப் பார்வை மட்டும் போகவில்லை. அதனால் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். "சாமி படத்தையே நீங்க சந்தேகமாத்தான் பாக்குதிய" என்பாள் என் பெண்டாட்டி முத்துசெல்வி.

அப்படிப்பட்ட தளவாயாகிய நான், டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்ட ஒரே பயணி லெமன். வேலையின் கடைசி மாதம். புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட் பக்கம் வண்டி நின்றபோது ஒரு நாய்க்குட்டி பின்படி வழியாக ஏறி என் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டது. மூன்று தடவை இறக்கிவிட்டேன், மூன்று தடவையும் ஏறியது. தென்காசியில் நான் இறங்கினதும் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. கிடைத்த இடத்தை வைத்து லெமன் என்று பெயர் போட்டோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு நாய்க்காக நான் ஆடிய ஆட்டத்தைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். லெமன் இல்லாத வீட்டுக்குள் எனக்குக் கால் வைக்கவே பிடிக்காது.

லெமனுக்கு நாலு வயதானபோது தோல் காய ஆரம்பித்தது. முதலில் முதுகில் பொடுகு போல வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு வயிறு, தொடை, காதின் ஓரம் எல்லாம். தடவிக் கொடுத்தால் கையில் தவிடு ஒட்டியது போல இருக்கும். ராத்திரி பகல் என்று பார்க்காமல் கரகரவென்று சொறிந்துகொண்டே இருந்தது.

நாங்கள் இருந்தது சைதூன் பீவி வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் அவர்கள். புருஷன் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள், துபாயில் இருக்கிறாள். இரண்டு கட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு கறிவேப்பிலை மரம். முற்றத்திலிருந்து பின் சந்துக்குப் போக ஒரு சின்ன இரும்புக் கதவு. பதினைந்து வருஷமாக அந்த முற்றத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. புரட்டாசி கடைசியில் ஒருநாள் அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. தை பொறந்ததும் எம்மவ பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வாரா. நாய்க்குச் சொறி மாதிரி இருக்கு. பிள்ளைக்கு ஒட்டிக்கிடுமோன்னு எனக்கு பயம். தைக்குள்ள சரியாகலேன்னா எங்கயாவது தோப்புத் தொரவுல கொண்டு விட ஏற்பாடு பண்ணிருங்க."

"சரிக்கா" என்றேன். மனசுக்குள் சரி என்று சொல்லவில்லை. மகள் வருகிறாள், பின்கட்டு தேவைப்படுகிறது, அதை நேராகச் சொல்லக் கூச்சம், நாயைச் சாக்கு வைக்கிறார்கள். நாய் போனால் நானும் போய்விடுவேன் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளே லெமனை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக்கொண்டு டாக்டர் ஷிஃபாவிடம் போனேன். சின்ன வயசு. பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது அந்தப் பெண்.

"சொறிப்பூச்சி ஒண்ணும் இல்ல சார். பயப்படாதீங்க, யாருக்கும் ஒட்டாது. வெறும் வறட்சிதான். எத்தன நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டுவீங்க?"

"டெய்லி."

"எதப் போட்டு?"

"நான் போடுற சோப்புதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "சாப்பாடு?"

"காலையில பால்ல ரஸ்க். மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரியும் ரசஞ்சோறு."

"சார், நீங்க தோலுக்கு வெளிய இருக்கத எல்லாம் கழுவி விட்டுடறீங்க. உள்ள ஒண்ணும் போகவிடல. அப்புறம் அது எப்படி மினுங்கும்?"

மாதத்துக்கு ஒரு குளியல் போதும், அதுவும் நாய்க்கென்று விற்கிற ஷாம்பு. வாரத்தில் நாலு நாள் சாளை மீனை உப்பு, மசாலா எதுவும் போடாமல் அவித்து முள் எடுத்துக் கொடுக்கவேண்டும். மற்ற நாளில் ஒரு அவித்த முட்டை. தினமும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. அதிகமாகக் கொடுத்தால் வயிற்றால் போகும், எடைக்கு ஏற்ற அளவுதான். "எட்டு வாரம் பொறுக்கணும் சார். முடி புதுசா மொளச்சு வரணும்ல. ரெண்டு வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திராதீங்க."

எட்டு வாரம் என்றதுமே எனக்கு மூக்கில் வியர்த்தது. எட்டு வாரத்தில் தானாகவே சரியாகிற நோயாக இருந்தால்? மாத்திரை டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு பக்கமும் படித்தேன். ஒரு மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்து, தாளில் தேய்த்து மோந்தும் பார்த்தேன். சாளை மீன் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினது போல ஒரு வாடை. சரி, பாமாயில் இல்லை. அந்த மட்டில் டாக்டரை நம்பினேன்.

ஐப்பசி முழுக்க லெமன் ராஜா மாதிரி சாப்பிட்டது. முத்துசெல்வி சாளையை அவித்து, ஆறவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சோற்றோடு பிசைந்து வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் ஒரு முள் எடுத்துத் தந்ததில்லை. சொறிவது கொஞ்சம் குறைந்தது. ஆனால் வெள்ளை உதிர்வது அப்படியே இருந்தது. நாலு வாரம் போயிற்று. அப்போதுதான் கார்த்திகை பிறந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதி நான் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். அது பன்னிரண்டாவது வருஷம். மாலை போட்ட வீட்டில் மீன், முட்டை, கறி எதுவும் அடுப்பேறக் கூடாது. பாத்திரம் பண்டம் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. லெமனின் தட்டையும் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

"வெரதம் நமக்குச் சரி. அதுக்கு என்னத்துக்கு? மருந்துல்லா?" என்றாள் முத்துசெல்வி.

"ஒரே வீடு, ஒரே வெரதம். அந்த மாத்திரை டப்பா என் கண்ணுல பட்டுரக்கூடாது. எங்கயாவது தூரக் கொண்டு வை."

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததையே நான் கவனித்திருக்க வேண்டும்.

மீனுக்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை வாங்கி வறுத்துப் பொடித்தேன். அதிலும் அதே எண்ணெய்ச் சத்துதான் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டாவது, குற்றாலம். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் ஊறி வருகிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும்போது மனுஷன் டப்பா மாத்திரையைத் தேடுவானா? எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவன் கிடையாது. தினமும் விடிந்ததும் ஐந்தருவிக்குக் கீழே, ஆட்கள் குளிக்காத ஒரு ஓடையில் லெமனை இறக்கினேன். கடையில் வாங்கின மூலிகை எண்ணெயை, மசாஜ்காரர்கள் மனுஷனுக்குத் தேய்ப்பது போலத் தலை முதல் வால் வரை தேய்த்து, சீயக்காய் போட்டு அலசினேன். போகிற சாமிகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சரணம் சொன்னார்கள், லெமனையும் சேர்த்து.

பத்தே நாளில் வயிறு சிவந்துபோயிற்று. என் கறுப்பு வேட்டியில் லெமன் ஒரு தடவை உரசிவிட்டுப் போனால் மாவு கொட்டினது போல வெள்ளையாக இருக்கும். எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. சைதூன் பீவி முற்றத்தில் நின்று லெமனையே பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தைக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு மலையில் பெரிய மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஓடைப் பக்கமும் போக முடியவில்லை. இரண்டு வாரம் லெமனுக்குக் குளிப்பு இல்லை, ஆளிவிதைப் பொடியும் ரசஞ்சோறும்தான். ஆனால் வேட்டியில் ஒட்டுகிற வெள்ளை குறைய ஆரம்பித்தது. மார்கழி பிறந்தபோது லெமனின் முதுகில் புது முடி பளபளவென்று தெரிந்தது. பத்து நாள் குளித்த அருவித் தண்ணீர் உள்ளே இறங்கி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை. டாக்டர் ஷிஃபாவிடம் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

டாக்டர் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. "ரொம்ப நல்லா இருக்கே! சாளை விடாம குடுக்கீங்க போல."

"மீனே கிடையாது. மாலை போட்டிருக்கம்லா. ஆளிவிதையும் குத்தாலத் தண்ணியும்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆளிவிதைல நாய்க்கு இந்த அளவுக்குப் பலன் வராதே சார். அருவிக் குளிப்பு தோலக் காயத்தான் வைக்கும், அது நின்னது நல்லதாப் போச்சு. ஆனா இது…" என்று லெமனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தது. கொஞ்சம் முகத்தைச் சுளித்தது. "நிச்சயமா மீன் இல்லையா?"

நான் குனிந்து லெமனின் வாயை மோந்தேன். சாளை. தெள்ளத் தெளிவாகச் சாளை.

அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. மாலை போட்ட வீட்டு நாய் எங்கேயோ மீன் தின்கிறது. யார் கொடுக்கிறார்கள்? எதற்குக் கொடுக்கிறார்கள்? நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவனைப் பார்த்ததும் கேட்டால் "இப்பத்தான் ஏறினேன்" என்பான். அவனை அடுத்த ஸ்டாப் தாண்ட விட வேண்டும்.

முதலில் பார்த்தது முத்துசெல்வியின் தலை. தினமும் காலையில் குளிக்கிறவள், மத்தியானம் எனக்குச் சோறு போடும்போதும் ஈரத் தலையோடு நின்றாள். ஒருநாள் இல்லை, தொடர்ந்து நாலு நாள். மார்கழிக் குளிரில், மூட்டுவலிக்காரி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலைக்குக் குளிப்பாளா? "வேர்த்துச்சு" என்றாள். மார்கழியில் வேர்த்ததாம்! ஐம்பத்தாறு வயதுப் பெண்டாட்டியைப் பற்றி ஒருத்தன் என்னென்ன நினைக்கக் கூடாதோ அதையெல்லாம் ஒரு மத்தியானம் முழுக்க நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, கறிவேப்பிலை மரத்தடி. அங்கே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். நாய் பறித்த பள்ளம் இல்லை, கையால் அள்ளினது. குழாயடியில் அந்த மண் கரைந்து சிவப்பாக ஓடியிருந்தது. எதையோ புதைக்கிறார்கள். மருந்து வைக்கிறார்களா, செய்வினையா? லெமன் இப்போது பளபளப்பாக இருப்பதும்கூட எனக்குப் பயமாகிவிட்டது. ஏதாவது விஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் முதலில் இப்படித்தான் இருக்குமோ?

மூன்றாவது, சந்துக் குப்பைத் தொட்டி. உள்ளே மடித்துத் திணித்த பாக்குமட்டைத் தட்டுகள். எடுத்து மோந்தேன். மாலை போட்டவன் செய்யக்கூடாத காரியம்தான், செய்தேன். சாளை.

ஒருநாள் காலையில் இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவைத்தேன். மத்தியானம் அறுந்து கிடந்தது. முத்துசெல்வி அந்த நேரம் அடுப்படியில் இருந்ததாகச் சொன்னாள். அப்படியானால் கதவைத் திறந்தது முன்கட்டு. எல்லாம் பொருந்திவிட்டது. தை நெருங்குகிறது, நாய் தானாகச் சாகாது, சைதூன் பீவி வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். விஷத்தின் வாசம் தெரியாமல் இருக்க மீனில் வைத்துக் கொடுக்கிறார்கள். முத்துசெல்விக்கு இதில் என்ன பங்கு என்று மட்டும் விளங்கவில்லை. ஒருவேளை அவளுக்கும் ஏதோ கொடுத்து மயக்கியிருப்பார்கள்.

மறுநாள் குற்றாலத்தில் பஜனை, சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தெருமுனையில் நிறுத்திவிட்டு, சந்து வழியாக நடந்து வந்து, எதிர்வீட்டு முருங்கை மறைவில் நின்றேன். பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுகர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரம் கழிந்தது. இரும்புக் கதவு திறந்தது. வளையல் போட்ட ஒரு கை பாக்குமட்டைத் தட்டைச் சந்தின் ஓரத்தில் வைத்தது. சைதூன் பீவியின் கை. பின்னாலேயே லெமன் வாலை ஆட்டிக்கொண்டு வந்து தட்டில் வாயை வைத்தது.

"ஏ! என்னத்த வச்சே?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பதினைந்து வருஷமாக அக்கா என்றும் நீங்க என்றும் கூப்பிட்ட அம்மாவை அன்றைக்கு 'நீ' என்றேன். "வீட்டக் காலி பண்ண வைக்கதுக்கு வாயில்லாச் சீவனுக்கு வெசமா வைக்கே? ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே போயிருப்பம்லா. பாவி, நீ நல்லா இருப்பியா? பச்சப்பிள்ள வரப்போற வீடா இது?"

சந்தில் நாலைந்து கதவு திறந்தது. நான் நிறுத்தவில்லை. தட்டைக் காலால் எத்தினேன். அவித்த சாளைத் துண்டு சாக்கடை ஓரம் சிதறியது. லெமன் வாயில் இருந்ததையும் போட்டுவிட்டது. வாலை வயிற்றுக்குள் இடுக்கிக்கொண்டு, என்னிடமிருந்து விலகி, சைதூன் பீவியின் பின்னால் போய் அவர்கள் காலோடு ஒட்டி நின்று நடுங்கியது.

நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் லெமன் கிட்டே வந்தால் அவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அன்றைக்கு அசையவே இல்லை.

கதவுக்கு உள்ளேயிருந்து முத்துசெல்வி வந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் பழைய துண்டு.

"சாமி, வாய மூடுங்க" என்றாள். "வெசம் இல்ல. சாளைதான். நான் கேட்டுத்தான் அக்கா அவிக்காவ. அந்த மாத்திரையும் அவுக வீட்டுலதான் இருக்கு."

"எப்ப இருந்து?"

"மாலை போட்ட மூணாம் நாள்ல இருந்து. நம்ம வீட்டு அடுப்புல ஏத்தக்கூடாதுன்னிய, ஏத்தல. நம்ம தட்டுல வைக்கக்கூடாது, வைக்கல. சந்துல வச்சுக் குடுத்து, அது வாயத் தொடச்சு விட்டு, நான் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உங்களுக்கு உல வைக்கேன். உங்க சாமிக்கு ஒரு குத்தமும் வரல."

"அந்த மண்ணு?" என்று கேட்டேன்.

அதற்கு சைதூன் பீவி பதில் சொன்னார்கள். சத்தம் போடாமல்தான் சொன்னார்கள். "மாத்திரைய அது வாயில போடுறது நான். முத்துசெல்விட்டன்னா துப்பிருது. நாய் எச்சி கையில பட்டா எங்களுக்கு ஏழு தடவ கழுவணும், ஒரு தடவ மண்ணு போட்டுக் கழுவணும். அதான் மரத்தடில எடுத்தேன். உங்ககிட்ட கேக்காம எடுத்தது தப்புதான்."

அவர்கள் வீட்டு மண்ணை அவர்கள் எடுத்ததற்கு என்னிடம் தப்பு என்கிறார்கள். "நீங்கதான தை கெடு வச்சிய" என்று எதையோ பிடித்துக்கொள்வது போலச் சொன்னேன்.

"கெடு வச்சேன். வச்ச கெடுவுக்குள்ள நீங்க வைத்தியத்தப் பாதில நிப்பாட்டினா, அப்புறம் நாய நான் வெரட்டுன மாதிரில்லா ஆகும்? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? அதுவும் போக, அது சொறிஞ்சு சொறிஞ்சு அழுகிறதப் பாத்துட்டு நான் எப்படிச் சோறு திங்க?"

சைதூன் பீவி குனிந்து, சிதறின மீன் துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார்கள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நாய்க்குக் குணமாயிட்டு வருது. அது இருக்கட்டும். ஆனா எம்மவ பிள்ளையோட வரும்போது இந்த வாய் இங்கன இருக்க வேண்டாம். நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க."

கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். லெமனும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. முத்துசெல்வி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஒரு பயணியையும் அப்படிப் பார்த்ததில்லை.

"மீன் வாசம் பட்டா வெரதம் கெட்டுரும்னிய. இப்பப் பேசுன பேச்சுக்கு என்ன செய்யப் போறிய?" என்றாள்.

மாலை போட்டவன் கோபமே படக்கூடாது, யாரையும் ஒருமையில் பேசக்கூடாது. மீனை வீட்டுக்கு வெளியே நிறுத்தப் பாடுபட்ட நான் இதை யோசிக்கவே இல்லை. அன்று சாயங்காலமே துணியைப் பையில் வைத்தேன். குற்றாலத்தில் எங்கள் குருசாமி ஐயப்பமார்களுக்கு அன்னதானக் கொட்டகை போட்டிருந்தார். மலைக்குப் போகிற வரைக்கும் அங்கேயே இருந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

"நான் இங்கன இல்ல. இனிமே நம்ம அடுப்புலயே சாளை அவி. முட்டையும் அவி. மாத்திரைய நீயே போடப் பழகு, அவுக கை கழுவ வேண்டாம்" என்றேன்.

"அக்காட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

போனேன். முன்கட்டு வாசலில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சில்லறைத் தகராறில் தப்பு என்மேல் இருந்தபோதுகூட "அடுத்த ஸ்டாப்புல பாத்துக்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். லெமன் வாசல் வரை வந்து நின்றது, கூட வரவில்லை.

கொட்டகையில் பதினாறு நாள் காய் நறுக்கினேன். பூசணிக்காய் வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போயிற்று. சாப்பாட்டு வரிசையில் யாராவது இரண்டாம் தடவை வந்து நின்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும், ஒன்றும் சொல்லாமல் கூட ஒரு கரண்டி போடுவேன். முத்துசெல்வியிடம் போனில் பேசும்போது லெமனைப் பற்றி மட்டும் கேட்பேன். "இருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டாள். இருமுடி கட்டி மலை ஏறினேன். கூட வந்தவர்கள் என்னென்னவோ வேண்டிக்கொண்டார்கள். நான், திரும்பிப் போகும்போது அந்த வீட்டுக்குள் என்னை விட வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டேன். இறங்கின பிறகு பழனிக்குப் போய்த் தலையும் தாடியும் மழித்து மொட்டை போட்டுக்கொண்டேன்.

தை ஆறாம் தேதி காலையில் தென்காசி வந்து சேர்ந்தேன். மாலையைக் கழற்றியாகிவிட்டது. சாதா வெள்ளை வேட்டி, மொட்டைத் தலையில் சந்தனம். பின் சந்து வழியாகப் போக மனசு வரவில்லை. தெரு வழியாக, முன்கட்டு வாசலுக்கே போனேன். உள்ளே ஒரு பச்சைப்பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

நடையில் லெமன் படுத்திருந்தது. வெயில் முதுகில் பட்டு, நெய் தடவினது போல முடி மின்னியது. ஒரு இடத்தில் வெள்ளை இல்லை. எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "லெமா" என்று கூப்பிட்டு ஒரு காலைப் படியில் வைத்தேன்.

லெமன் எழுந்து வழியை மறித்துக்கொண்டு குரைத்தது. வால் ஆடவில்லை. மொட்டைத் தலை, தாடி இல்லாத முகம், ஆள் தெரியவில்லை என்று முத்துசெல்வி பிறகு சொன்னாள். நான் அதை நம்பவில்லை. நாய்க்கு மோப்பம் தெரியாதா? என்னைத் தெரிந்துதான் குரைத்தது. இன்னும் ஒரு அடி வைத்தேன், பல்லைக் காட்டியது. காலைக் கீழே எடுத்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

குரைப்புச் சத்தம் கேட்டு சைதூன் பீவி வெளியே வந்தார்கள். தோளில் பிள்ளை. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள்.

"அக்கா, நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு" என்றேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, இருந்தால் என்ன. "எடம் பாக்கச் சொன்னிய. பாக்கேன். அதுக்கு முன்னால இத ஒங்ககிட்டச் சொல்லணும்."

அவர்கள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்கள். லெமன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்துக் குரைத்தது.

"ஏலே லெமன், சும்மா கெட" என்றார்கள் சைதூன் பீவி. "நம்ம வீட்டு ஆளுதாம்லே. வழிய விடு, உள்ள வரட்டும்."